நான்காம் மாடியின் ஒற்றை வாக்கு

2004 பெப்ரவரி 3, செவ்வாய்

இன்றைய தபாலில் உள்ளூராட்சி மன்றத்தின் கடிதம் வந்தது. இங்குள்ள வெள்ளைக்காரர் வழக்கப்படி இனிக் ‘கவுன்சில்’ என்றே எழுதுகிறேன். கடிதத்தில் ஜனவரி 28 என்றும், உறையின் மேல் விழுந்த முத்திரையில் பெப்ரவரி 2 என்றும் உள்ளது. எழுதிய கடிதத்தை ஐந்து நாட்கள் மேசையில் கிடத்தி வைக்கும் நிர்வாகத்தின் கீழ்த்தான் நாங்கள் இத்தனை காலமாகக் குடியிருக்கிறோம். ஊரில் நான் தபாலதிபராக இருந்த தபால் கந்தோர்களில் இவ்வாறு ஒரு நாளும் நிகழ்ந்ததில்லை.

பெயரின்றி, ‘குடியிருப்பாளருக்கு’ என்று மட்டும் விலாசமிடப்பட்டிருந்ததால் நானே பிரித்தேன். செய்தி இதுதான்: நாங்கள் வசிக்கும் பிராக்கன் மாளிகையையும் அதனை ஒட்டிய இரு கட்டடங்களையும் தனியார் வீடமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிடக் கவுன்சில் எண்ணியுள்ளது. ஆயினும் குடியிருப்பாளரின் சம்மதமின்றி விற்க இயலாது. மார்ச் மாதம் தபால் மூலம் வாக்கெடுப்பு நடைபெறும். வாக்களித்தோரில் பெரும்பான்மையினர் மறுத்தால் விற்பனை இல்லை.

குசினியிலிருந்து மனைவி என்னவாம் என்று கேட்டாள். விளக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“ஆர் வாக்குப் போடலாமாம்?”

குடியிருப்பாளர் என்றேன். “ஆ” என்று சொல்லிவிட்டுப் பருப்பைக் கிளறப் போய்விட்டாள். பொது விவகாரங்களில் அவளுக்கு ஆர்வம் குறைவு.

2004 பெப்ரவரி 8, ஞாயிறு

தரைத்தளத்து மண்டபத்தில் கூட்டம். தலைமை வகித்தவர் முதலாம் மாடியில் வசிக்கும் பிரெண்டன். அயர்லாந்துக்காரர், பஸ் சாரதியாக இருந்து ஓய்வுபெற்றவர், நேர்மையானவர். கூட்டம் பத்து நிமிடம் பிந்தி ஆரம்பித்தது ஒன்றே குறை.

நான் ஆங்கிலத்தில் உரையாற்றினேன். கவுன்சில் வீட்டில் இருப்பவரை நீதிமன்ற ஆணையின்றி எழுப்ப இயலாது. வாடகையை நினைத்தவாறு உயர்த்த இயலாது. ஒருவர் இறந்தால் வீடு அவருடைய துணைவரைச் சேரும். நாளை இக்கட்டடம் கைமாறினால் இவற்றுள் எவை எஞ்சும், எவை எஞ்சா என்பதை எழுத்தில் தரும்படி கேட்போம் என்றேன். “1987 செப்டெம்பர் 14 முதல் இங்கு குடியிருப்பாளனாக உள்ளவன் என்ற உரிமையில் பேசுகிறேன்” என்று முடித்தபோது நல்ல கைதட்டல் கிடைத்தது. வாக்கு இரகசியமானது என்பதையும், கணவன் மனைவியாயினும் ஒருவரை ஒருவர் நிர்ப்பந்திக்கலாகாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நாகரிகமான கூட்டத்தில் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

குடியிருப்பாளர் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகத் தெரிவு செய்தார்கள்.

வந்திருந்தோரில் ஆண்களே மிகுதி. முழங்கால் வலி என்று மனைவி வரவில்லை. ஆனால் நான் திரும்பியபோது அவள் வீட்டில் இல்லை. அடுத்த கதவில் வசிக்கும் சோமாலியப் பெண் ஹலீமாவின் வீட்டிலிருந்து வந்தாள். முழங்கால் அவ்வளவு தூரம் நடக்க இடங்கொடுத்திருக்கிறது.

2004 பெப்ரவரி 11, புதன்

நான்கு மணித் தேநீர் நாலேமுக்காலுக்கு வந்தது. காரணம் கேட்டேன். ஆங்கில வகுப்பு நீண்டுவிட்டதாம். பதினெட்டு ஆண்டுகளாக இந்த நாட்டில் வாழ்பவளுக்கு இன்னும் என்ன இலக்கணம் மிச்சமிருக்கிறதோ.

2004 பெப்ரவரி 16, திங்கள்

லிப்ட் மீண்டும் பழுது. மரக்கறிப் பையை நான் சுமக்க, மனைவி ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினாள். வழியில் இரண்டாம் மாடிக் குகதாசன் எதிர்ப்பட்டான். ஊரில் எங்கள் பக்கத்துப் பொடியன்தான். பொடியன் என்கிறேன், அவனுக்கும் ஐம்பது ஆகிறது. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை.

“என்ன அண்ணை, செயலாளராம்? விக்கிறதெண்டா விக்கட்டுமே. புதுக் குசினி தருவாங்கள், லிப்டும் ஓடும். அக்காவின்ர காலைப் பாருங்கோ.”

எதிர்ப்பதற்குரிய காரணங்களைச் சொல்லத் தொடங்கினேன். மூன்றாவது காரணத்தில் அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பின்னர் ஒன்றைக் கவனித்தேன். வாங்க இருக்கும் நிறுவனம் அச்சடித்து விநியோகித்த வண்ணப் பிரசுரத்தை மனைவி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருக்கிறாள். வெள்ளை அலுமாரிகளுடன் ஒரு குசினியின் படம். எங்கள் குசினிச் சுவரில் ஈரம் ஊறி வர்ணம் உரிந்திருப்பது உண்மை.  நான் அதை எடுத்துவிடவில்லை.

2004 பெப்ரவரி 20, வெள்ளி

இன்று என் கைப்பட எழுதிய தமிழ்த் துண்டுப் பிரசுரங்களுடன் எங்கள் மக்கள் வசிக்கும் வீடுகளுக்குச் சென்றேன். எங்கு சென்றாலும் விடயம் முன்பே தெரிந்திருந்தது. ஐந்தாம் மாடியில் ஓர் இளம்பெண், நான் வாய் திறக்கும் முன்னரே, “அக்கா எல்லாம் வடிவா விளங்கப்படுத்தினவ ஐயா” என்றாள். அவளிடம் மட்டுமல்ல, வேறு மூன்று வீடுகளிலும் இதே பதில். ஒரு வீட்டில் எனக்குக் கோப்பி தந்து, அக்கா கொண்டுவந்த சுசியத்தில் எஞ்சியது என்று ஒன்றையும் வைத்தார்கள். என் வீட்டில் சுட்ட சுசியத்தை நான் பிறர் வீட்டில் முதன்முதலாகச் சுவைக்க நேர்ந்தது.

ஆக, நான் கூட்டத்தில் சொன்னவற்றை மனைவி கேட்டறிந்து பிறருக்குக் கொண்டு சேர்க்கிறாள். நல்ல கருத்து தானாகவே படியேறும் என்பது நிரூபணமாகிறது.

2004 பெப்ரவரி 29, ஞாயிறு

நான்காண்டுக்கு ஒருமுறை வரும் திகதி. கந்தோரில் திகதி முத்திரையின் எழுத்துகளை நாள்தோறும் காலையில் மாற்றுவது என் வழக்கம். அதைச் சிற்றூழியரிடம் ஒருபோதும் விட்டதில்லை. பெப்ரவரி 29-ஐப் பொருத்தும்போது கை சற்று நிதானிக்கும். அந்த முத்திரை விழுந்த கடிதங்களை வாங்கியவர்கள் எவரேனும் கவனித்தார்களா என்று இன்றும் எண்ணுவதுண்டு.

2004 மார்ச் 4, வியாழன்

வாக்குச்சீட்டு வந்தது. ஒன்று.

2004 மார்ச் 5, வெள்ளி

நேற்று எழுத மனம் வரவில்லை. இன்று ஒழுங்காகப் பதிகிறேன்.

உறையின் மேல் ‘திருமதி ம. அருளம்பலம்’ என்றிருந்தது. என் பெயருக்கு இன்னொன்று பிந்தி வருமென்று இன்றைய தபால்வரை பொறுத்திருந்து, பின்னர் கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். வீட்டு விவகார அதிகாரி மிஸ் பெல்லாமி மரியாதையாகப் பேசினார். குடியிருப்பு ஒப்பந்தத்தில் பெயர் பதிந்தவர்க்கே வாக்கு என்றும், எங்கள் வீட்டு ஒப்பந்தத்தில் என் மனைவியின் பெயர் மட்டுமே உள்ளது என்றும், நான் அவருடன் வசிப்பவன் என்றும் தெரிவித்தார். ‘அவருடன் வசிப்பவன்’ என்ற சொற்றொடரை அவர் இருமுறை பயன்படுத்தினார்.

விளக்கம் எளிது. 1987 செப்டெம்பர் 14, திங்கட்கிழமை, ஒப்பந்தத்தில் இருவரையும் கையொப்பமிடச் சொன்னார்கள். அதற்கு ஏழு வாரங்கள் முன்புதான் எங்கள் நாட்டில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது. தைப்பொங்கலுக்குள் ஊர் திரும்பிவிடுவோம் என்பதில் எனக்கு ஐயமே இருக்கவில்லை. ஊரில் சொந்த வளவும் கல்வீடும் உள்ள ஒருவன், வந்த இடத்தில் வாடகைப் பத்திரத்தில் நிரந்தரமாகக் கையொப்பமிடுவது முறையன்று என்று கருதி மறுத்தேன். மனைவி பேனையை வாங்கித் தமிழில் தன் பெயரை எழுதினாள். கொள்கை அடிப்படையில் எடுத்த முடிவு அது. அன்றைய நிலையில் எவரும் அதைத்தான் செய்திருப்பர்.

எவரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். மாலையில் குகதாசன் படியேறி வந்து, கதவில் சாய்ந்து நின்றான். பகிடி விடும் முகமாக இல்லை.

“அண்ணை, எங்கட வீட்டிலயும் அவவின்ர பேருக்குத்தான் வந்திருக்கு. நான் அப்ப, ஊருக்குப் போறவனுக்கு ஏன் கையெழுத்து எண்டு நிண்டுட்டன்.”

ஐந்தாம் மாடியிலும் அவ்வாறேயாம். ஏட்டின்படி பார்த்தால், பிராக்கன் மாளிகையில் உள்ள எங்கள் ஊர் ஆண்களில் பெரும்பாலோர் 1987-லேயே ஊருக்குப் போய்விட்டோம்.

உறை இன்னும் மேசையின் மேல் உள்ளது. அவள் பிரிக்கவில்லை. நான் தொடவில்லை. பிறர் பெயருக்கு வந்த தபாலை நான் என்றும் பிரித்ததில்லை. அது மனைவியின் பெயராயினும் பிறர் பெயரே.

2004 மார்ச் 7, ஞாயிறு

சங்கத்தின் கூட்டம். குறிப்பு எடுத்தேன். பேசவில்லை. தொண்டை சரியில்லை என்று பிரெண்டனிடம் சொன்னேன்.

2004 மார்ச் 9, செவ்வாய்

உறை பிரிக்கப்பட்டுவிட்டது. சீட்டை மனைவி எங்கோ வைத்திருக்கிறாள். இரவு உணவின்போது கேட்டேவிட்டேன். நடந்த உரையாடலைச் சுருக்காமல் எழுதுகிறேன்.

“இஞ்சேரும், என்ன போடப் போறீர்?”

“வாக்கு ரகசியம் எண்டு நீங்கள்தானே கூட்டத்தில சொன்னனீங்கள்?”

“அது ஊருக்குச் சொன்னது.”

“நானும் ஊர்தான்.”

பிட்டைப் பிசைந்தேன். பின்னர், குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் காட்டி, அந்தக் குசினியை நம்பி ஏமாந்துவிட வேண்டாம் என்றேன். நான் சொல்லித்தர வேண்டியவற்றை நிதானமாகச் சொல்லித்தருகிறேன் என்றும் கூறினேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

புதன்கிழமை ஆங்கில வகுப்புக்குக் குடியிருப்பாளரின் உரிமைகளை விளக்கும் ஆலோசகர் ஒருவர் ஜனவரி முதலே வந்துபோகிறாராம். விற்பனைப் பேச்சு அடிபடுவது அங்குள்ள பெண்களுக்குக் கடிதம் வருமுன்னரே தெரியுமாம். பெயர் பதிந்தவர்க்கு மட்டுமே வாக்கு என்பதும் தெரியுமாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றேன்.

“நீங்கள் நல்லா உரையெழுதிக் கொண்டிருந்தியள். குழப்பக் கூடாதெண்டு விட்டனான்.”

அதன்பின் அவள் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் அமர்ந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

“தொண்ணூறாம் ஆண்டு ஊரில எங்கட வீட்டை ஆமி எடுக்கேக்கை ஒருத்தரும் எங்களிட்டைக் கேக்கேல்லை. தம்பி போன் எடுத்துச் சொல்லித்தான் தெரியும். வேலி போட்டாச்சு, இனி உள்ளுக்குப் போகேலாது எண்டு. அதுக்கு ஒரு கடிதம் வந்ததோ? ஒரு துண்டு வந்ததோ? இஞ்ச கேக்கினம். எனக்குப் பேர் போட்டு, முத்திரை ஒட்டின உறையும் வைச்சுக் கேக்கினம். விக்கட்டோ, விக்க வேண்டாமோ எண்டு. அது குசினிக் கதை இல்லையப்பா. கேட்டவைக்கு நான் யோசிச்சுத்தான் மறுமொழி சொல்லுவன். ஆரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.”

 தண்ணீர் குடித்தேன். அந்த வீட்டின் முன்விறாந்தைக்கு 1971-இல் செந்நிறச் சீமெந்து போட்டோம். மே மாதம், திகதி உடனே நினைவுக்கு வரவில்லை. திகதி நினைவுக்கு வராதது எனக்கு அரிது.

2004 மார்ச் 12, வெள்ளி

ஒட்டிய உறையை மனைவி என் கையில் தந்தாள். லிப்ட் ஓடவில்லை, என்னால் படி இறங்க ஏலாது, பெட்டியில் போட்டுவிட்டு வாருங்கள் என்றாள். இராகுகாலம் பன்னிரண்டுக்குத்தான் முடிகிறது என்று நினைவூட்டினேன். அரசாங்கத் தபாலுக்கு இராகுகாலம் இல்லை என்றாள். ஆயினும் நான் பன்னிரண்டரைக்கே புறப்பட்டேன்.

மழை தூறியது. உறையை மேற்சட்டையின் உட்பையில் வைத்தேன். மூன்றாம் மாடியில் ஒரு கணம் நின்றேன். அங்குள்ள சாளரம் பெரியது, வெளிச்சம் நன்றாக வரும். மெல்லிய உறை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எந்தக் கட்டத்தில் கோடு விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடக்கூடும் என்ற எண்ணம் வந்தது என்பதை மறைக்கவில்லை. கையை உட்பைக்குக் கொண்டுபோகவில்லை. பல்லாயிரம் பேர் தங்கள் கடிதங்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக வீடு போயிருக்கிறார்கள். இவளும் அவ்வாறே ஒப்படைத்திருக்கிறாள்.

இரண்டாம் மாடியில் குகதாசன் ஓர் உறையுடன் வந்து சேர்ந்துகொண்டான். கையில் இருப்பது என்ன என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. சந்தியில் உள்ள சிவப்புப் பெட்டியில் உறையைப் போட்டு, அது உள்ளே விழுந்த ஓசையைக் கேட்டு, பெட்டியின் மேல் குறிக்கப்பட்டிருந்த சேகரிப்பு நேரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். குகதாசன் வழியில் கேட்டான்:

“அண்ணை, உங்கட ஆள் என்ன போட்டிருப்பா?”

தெரியாது என்றேன். அந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்குள் சிறுமை எதுவும் தோன்றவில்லை. மாறாக, ஓர் அலுவலை நெறி பிறழாமல் நிறைவேற்றிய நிறைவு இருந்தது. காரணத்தை நாளை ஆராய்வேன்.

2004 மார்ச் 13, சனி

ஆராயவில்லை. குசினிச் சுவரின் ஈரத்தைச் சுரண்டி, வர்ணம் பூசினேன்.

2004 மார்ச் 26, வெள்ளி

மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது. இம்முறை மனைவியும் வந்தாள். அவளோடு ஹலீமாவும், ஐந்தாம் மாடி இளம்பெண்ணும், குகதாசனின் மனைவியும், இன்னும் நான் பெயரறியாத பலரும் வந்து பின்வரிசைகளை நிரப்பினர். கதிரைகள் போதவில்லை. ஆண்கள் எழுந்து சுவரோரம் நின்றோம்.

மிஸ் பெல்லாமி எண்ணிக்கையை வாசித்தார். விற்பனை நிராகரிக்கப்பட்டது. வித்தியாசம் முப்பத்தொரு வாக்குகள். பிராக்கன் மாளிகை கவுன்சிலிடமே இருக்கும். எங்கள் உரிமைகளும் அவ்வாறே.

ஓசை அடங்கியதும் பிரெண்டன் எழுந்தார். இந்த வெற்றிக்கு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றார். ‘அருளம்பலம்’ என்ற பெயர் காதில் விழுந்ததும் நான் சுவரிலிருந்து ஓரடி முன்னே வந்துவிட்டேன். பெயருக்கு முன் ‘திருமதி’ என்று அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்டிருக்கிறார்கள்; நான் கேட்கவில்லை. மூன்று கட்டடங்களிலும் அவள் தட்டாத கதவு இல்லையென்று பிரெண்டன் சொன்னார். லிப்ட் ஓடாத நாட்களிலும் ஏறினாளாம். முழங்கால் வலிக்கும் அதுதான் காரணமாம். இவையெல்லாம் எனக்குச் செய்தி.

அவளைப் பேசச் சொன்னார்கள். மறுப்பாள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு எழுந்தாள். ஆங்கிலத்தில் பேசினாள். இதற்கு முன் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது, அதைப் பற்றி எங்களிடம் எவரும் கேட்கவில்லை. இங்கே கேட்டீர்கள், நாங்கள் பதில் சொல்லிவிட்டோம். இனி லிப்டைத் திருத்துங்கள் என்றாள். அவ்வளவுதான். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மிஸ் பெல்லாமியும் எழுந்தார்.

நான் செயலாளர் என்ற முறையில் அவள் உரையைக் குறிப்பேட்டில் பதிந்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை.

சுவரோரம் என் அருகில் நின்ற புதிய குடியிருப்பாளர் ஒருவர், யார் இந்த அம்மையார் என்று கேட்டார். நான் அவருடன் வசிப்பவன் என்று பதிலளித்தேன்.

2004 மார்ச் 27, சனி

எந்தக் கட்டத்தில் கோடிட்டாள் என்று அவள் இன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அந்தக் குசினிப் படம் அப்படியே இருக்கிறது. எடுத்துவிடலாமே என்றேன்.

“இருக்கட்டும். இதைக் காட்டித்தான் கவுன்சிலிட்டைக் கேக்கப் போறம். அவை செய்து தரட்டும்.”

அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலில் இதனை முதலாவதாகச் சேர்த்துள்ளேன்.

2004 ஏப்ரல் 6, செவ்வாய்

காலை பத்தரைக்கு மிஸ் பெல்லாமி வீட்டுக்கு வந்தார். லிப்ட் இன்னும் திருத்தப்படாததால் நான்கு மாடிகளும் ஏறி, மூச்சு வாங்கியபடி அமர்ந்தார். லிப்டைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனைவி தேநீரும் பருப்பு வடையும் வைத்தாள். வாக்கெடுப்புத் தொடர்பான ஏதோ அலுவல் என்று எண்ணிச் சாய்வு நாற்காலியில் பத்திரிகையுடன் இருந்தேன்.

மேசைக்கு வரும்படி மனைவி அழைத்தாள். குடியிருப்பு ஒப்பந்தத்தில் என்னையும் சேர்க்கும்படி அவள் சென்ற வாரமே விண்ணப்பித்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. கவுன்சில் இசைந்துவிட்டது. இனி இருவரும் இணைக் குடியிருப்பாளர். அடுத்த முறை வாக்கெடுப்பு நடந்தால் இந்த வீட்டுக்கு இரண்டு சீட்டுகள் வரும் என்று மிஸ் பெல்லாமி விளக்கினார்.

பழைய ஒப்பந்தத்தின் பிரதியையும் கொண்டுவந்திருந்தார். 1987-இல் அவள் இட்ட கையொப்பத்தைப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தேன். மங்கையர்க்கரசி என்று ஓர் எழுத்தும் குறைக்காமல், கோட்டுக்கு வெளியே போகாமல் எழுதியிருக்கிறாள். அன்று நான் அதைப் பார்க்கவில்லை. சாளரத்துக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேனையை அவளே எடுத்துத் தந்தாள்.

“பொங்கலுக்கு ஊருக்குப் போறதெண்டா இப்பவே சொல்லிப் போடுங்கோ.”

மிஸ் பெல்லாமிக்கு அது புரியவில்லை. நாங்கள் இருவரும் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

அரச சேவையில் இருந்த காலம் முழுவதும் ஆங்கிலத்திலேயே கையொப்பமிட்டவன் நான். இன்று அவளுடைய பெயருக்கு நேர்கீழே, தமிழில், செல்லையா அருளம்பலம் என்று முழுப்பெயரையும் எழுதினேன். 

அதனருகில் இன்றைய திகதியையும் எழுதும்படி மிஸ் பெல்லாமி சொன்னார். சொல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன்.